தோல் முதலில், எலும்பு பிறகு: பிர்ச் மரப்பட்டைத் தோணி கட்டும் முறை

1603ஆம் ஆண்டு கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மேல்நோக்கி வந்த பிரெஞ்சுப் பயணி சாமுவேல் ஷாம்ப்லேன், இன்றைய மொண்ட்ரியாலை ஒட்டிய லாஷின் பாய்ச்சலில் வந்து நின்றுவிட்டார். கொண்டுவந்த பிரெஞ்சுச் சிறுபடகு அந்த நுரைவெள்ளத்தில் ஏறவில்லை. தூக்கிக்கொண்டு கரைவழியே போகலாம் என்றால் கனம் விடவில்லை. அந்த நாட்டு மக்களின் மரப்பட்டைத் தோணிகளில் போனால்தான் உள்நாட்டில் வேகமாகவும் தடையின்றியும் பயணம் செய்ய முடியும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார். தோணியின் அளவையும் குறித்துவைத்தார்: எட்டு ஒன்பது தப்படி நீளம், நடுவில் ஒன்று முதல் ஒன்றரைத் தப்படி அகலம், இரு முனையும் கூர். ஒரே ஆள் தூக்கிவிடலாம், ஆனாலும் ஒரு பெரிய மதுப்பீப்பாயின் பாரத்தைத் தாங்கும். பழகாதவர் ஏறினால் கவிழும்.

ஐரோப்பியத் தொப்பிகளுக்கான பீவர் என்ற நீர்விலங்கின் தோல் உள்நாட்டிலிருந்து துறைமுகம்வரை வந்தது இந்தத் தோணியில்தான். 1681இல் பிரெஞ்சு அரசு உரோம வணிகத்துக்கு ஆண்டுக்கு 25 அனுமதிச் சீட்டு என்று வரம்பு கட்டியபோது, ஒரு சீட்டுக்கு ஒரு தோணி, மூன்று ஆள் என்பதுதான் கணக்கு. பின்னால் மொண்ட்ரியாலிலிருந்து பெரிய ஏரிகளுக்குச் சரக்கு ஏற்றிப்போன 'கனோ து மேத்ர்' என்ற பெருந்தோணி 36 அடிவரை வளர்ந்தது. அதைக் கட்ட ஒரு பட்டறையும் ஒரு கூட்டமும் வேண்டும். இங்கே சொல்லப்போவது 16 அடித் தோணி. இரண்டு பேர் ஓட்டலாம், ஒருவர் தூக்கலாம், முடித்தபின் எடை 25 முதல் 30 கிலோவுக்குள் நிற்கும். இரண்டு பேர் முழு நேரமும் உட்கார்ந்தால், பொருள் சேர்த்த பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கட்டி முடிக்கலாம். பொருள் சேர்ப்பதற்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும், சில சமயம் ஒரு பருவம் முழுவதும்.

பலகைப் படகு கட்டிப் பழகிய கைக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே முதலில் ஏராக்கட்டை என்ற அடிமுதுகுக் கட்டை, பிறகு வங்கு என்ற விலா எலும்பு போன்ற வளைகட்டை, கடைசியில் பலகை. இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் பட்டையைத் தரையில் விரித்து மடித்துத் தைத்துப் பை போலச் செய்கிறோம். வங்குகள் கடைசியில் உள்ளே போகின்றன. அவற்றை ஆணியால் பிடிப்பதில்லை, பசையால் ஒட்டுவதுமில்லை. பட்டையை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டு, அந்த இறுக்கத்திலேயே நிற்கின்றன. முடித்த தோணியை விரலால் தட்டினால் தோல் ஏற்றிய மத்தளம் போல ஒலி வரவேண்டும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதி, இந்த இறுக்கம் எங்கே கெடும் என்பதைப் பற்றியவைதான்.

இந்த நுட்பம் முழுக்க அல்கோன்கின், இன்னு, மிக்மாக், அனிஷினாபே ஆகிய பூர்வகுடி மக்களுடையது. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தவை இரும்புக் கோடரி, இரும்புக் குத்தூசி, எஃகு அலகு. தோலுக்கு ஈடாகக் கைமாறிய சரக்கில் இவையும் அடக்கம்.

பட்டை

வேண்டியது பேப்பர் பிர்ச். இமயமலையில் எழுதும் ஓலையாக உதவிய பூர்ஜ மரத்தின் உறவு. மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறை வேறு எந்த இடத்திலும் சரிசெய்ய முடியாது, அதனால் இதற்கு நாள் கணக்கில் நடக்கத் தயாராக இருங்கள். அடிமரத்தின் குறுக்களவு குறைந்தது 40 செ.மீ., முதல் கிளை நல்ல உயரத்தில், தண்டு நேராக, முறுக்கு இல்லாமல். நமக்குத் தோணியின் நடுவில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை பட்டை சுமார் 140 செ.மீ. வேண்டும். 40 செ.மீ. மரத்தின் சுற்றளவு 126 செ.மீ.தான். ஆகவே நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒட்டுப்பட்டை தைக்கவேண்டிவரும். அதில் குறை ஒன்றுமில்லை, பழைய தோணிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். 45 செ.மீ.க்கு மேல் மரம் கிடைத்தால் ஒட்டு தேவைப்படாது, ஆனால் அப்படிப்பட்ட மரம் இன்று அரிது.

மரத்தை வெட்டும் முன் உள்ளங்கை அளவு பட்டையை எடுத்துப் பாருங்கள். தடிப்பு 3 மி.மீ. அளவில் இருக்கட்டும். பட்டையின் மேல் குறுக்காக ஓடும் சிறு கோடுகள்தான் அதன் மூச்சுத்துளைகள். அவை குட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் நல்லது. நீளமாக, மேடு தட்டித் தெரிந்தால் அந்த இடத்தில் பட்டை கிழியும். துண்டை முன்னும் பின்னும் மடக்குங்கள், முறுக்குங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் மரத்தை விட்டுவிட்டு நடங்கள். தோல் போல வளைந்து நிமிர்ந்தால் அதுதான் உங்கள் மரம்.

கோடையில், ஜூன் பின்பாதியிலிருந்து ஜூலைவரை, பட்டை தானே கழன்று வரும். மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில் ஒரு கீறல் போட்டு, மர ஆப்பால் மெல்லக் கிளப்பினால் போதும். இதன் உட்புறம் மஞ்சளாக, வழுவழுப்பாக இருக்கும். மரத்தில் சாறு ஏறும் முன் எடுத்தால் அது குளிர்காலப் பட்டை. வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் கிளப்ப முடியும், ஆனால் உட்புறத்தில் ஒரு கருஞ்சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சுரண்டி உருவங்கள் வரையலாம். வலுவும் கூடுதல் என்பது கைப்பழக்கம் உள்ளவர்களின் எண்ணம். முதல் தோணிக்குக் கோடைப் பட்டையே போதும்.

மரத்தைச் சாய்க்கும்போது அடியில் இரண்டு மரத்துண்டுகளைக் கிடத்தி அவற்றின் மேல் விழச்செய்யுங்கள். கல்லில் விழுந்தால் பட்டையில் விரிசல் விழும். உரித்த பட்டை வெள்ளைப் புறம் உள்ளே போகும்படி தானாகச் சுருளும். அந்தச் சுருளையே இறுக்கிக் கட்டி நிழலிலோ தண்ணீரிலோ வையுங்கள். வெயிலில் ஒரே நாள் கிடந்தால் விளிம்பு மொறமொறவென்று ஆகி, பிறகு எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் பழைய பதம் வராது. கனடாவில் காட்டுமரம் எடுப்பதற்கான விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நிலத்துக்கு உரியவரிடமும், அது பூர்வகுடியினரின் நிலம் என்றால் அவர்களிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டு மரத்தில் கை வையுங்கள்.

வேர், சீடர், பிசின்

தையலுக்குக் கருப்பு ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர். வணிகத் தோணிக்காரர்கள் 'வாட்டாப்' என்றார்கள், பூர்வகுடிச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு. பாசி படர்ந்த ஈரநிலத்தில் வேர் மேலாகவே ஓடும். விரலைவிட்டுத் தேடி இழுத்தால் கிளை விடாமல் இரண்டு மூன்று மீட்டர் வரும். பென்சில் தடிமனுக்கு மேல் வேண்டாம். மொத்தம் 150 மீட்டருக்குக் குறையாமல் சேருங்கள். இந்த எண்ணைப் பார்த்து மலைக்கவேண்டாம், ஒரே மரத்தடியில் எல்லாவற்றையும் பிடுங்கவும் வேண்டாம். தோலை உரித்து, நுனியில் கத்தியால் பிளவு போட்டு, இரு பாதியையும் இரு கையால் இழுத்துப் பிரியுங்கள். ஒரு பக்கம் மெலிந்துகொண்டு போனால், தடித்த பாதியை அதிகமாக வளைத்து இழுக்கவேண்டும். பிளவு நடுவுக்குத் திரும்பிவிடும். மரத்தைப் பிளக்கும்போதும் இதே சூட்சுமம்தான், ஆகவே வேரில் கை பழகினால் சீடரில் பாதி வேலை முடிந்தமாதிரி. பிளந்த வேரைத் தைத்து முடிக்கும்வரை தண்ணீரில் ஊறவையுங்கள்.

சட்டம் முழுவதும் வெள்ளை சீடர். கனமில்லாதது, எளிதில் உளுத்துப்போகாது, நீளவாக்கில் அழகாகப் பிளக்கும். ரம்பத்தால் அறுத்த பலகை இங்கே உதவாது. அறுத்தால் இழை குறுக்கே வெட்டுப்படும், வளைக்கும்போது அந்த இடத்தில் சிம்பு கிளம்பி ஒடியும். கணு இல்லாத, முறுக்கு இல்லாத மரமாகப் பார்த்து ஆப்படித்துப் பாதி, கால், அரைக்கால் என்று எப்போதும் சமபாதியாகவே பிளந்துகொண்டு போகவேண்டும். இந்த மரத்திலிருந்து எடுக்கவேண்டியவை இவை:

விளிம்புக் கட்டை உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. ஒவ்வொன்றும் 5 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், உள்கட்டை நடுவில் 2.5 செ.மீ. சதுரம், முனை நோக்கி மெலிந்து போகும். வங்குகள் 40, உடையக்கூடும் என்று இன்னும் 10. வங்கு ஒவ்வொன்றும் நடுவில் 5.5 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிப்பு, நுனியில் மெலிவு. அடித்தளத்தில் பரப்பப் பத்தைகள் என்ற மெல்லிய பலகைப் பட்டைகள், 3 மி.மீ. தடிப்பில், 8 முதல் 10 செ.மீ. அகலத்தில், நிறைய. அணியத்துக்கும் (முன்முனை) கடையாலுக்கும் (பின்முனை) வளைமுனைக் கட்டை இரண்டு.

குறுக்குக் கட்டைகள் ஐந்தும் மட்டும் மேப்பிள் அல்லது பிர்ச் மரம். நடுக்கட்டை 76 செ.மீ. அதன்மேல்தான் தோணியைத் தோளில் ஏற்றுவார்கள் என்பதால் அதில் கணு இருக்கக்கூடாது.

செதுக்குவதற்கு வளைகத்தி. எஃகு அலகின் நுனியை வளைத்து, கட்டைவிரல் ஊன்றுமாறு பிடி போட்டது. அலகைத் தன் பக்கமாக இழுத்துச் செதுக்குவார்கள். மரவேலைக்காரர் பார்த்தால் கை வெட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்று பதறுவார், ஆனால் முழங்கை விலாவில் ஒட்டியிருக்கும்வரை அலகு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் வராது. பழைய அரத்தைத் தட்டி அலகாக்கிக்கொள்ளலாம். இதோடு கோடரி, குத்தூசி, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல். குத்தூசியின் முனை உருண்டையாக இருந்தால் பட்டை பிளக்கும். சதுரமோ முக்கோணமோ ஆன முனையால் முறுக்கிக் குத்தினால் துளை சுத்தமாக விழும்.

தரையில் விரித்தல்

கட்டுகளம் நிழலில் இருக்கட்டும். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துக்குக் கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு மண்ணைச் சமன்படுத்துங்கள். நடுப்பகுதியை மட்டும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மேடாக விடுங்கள். கடைசியில் வங்கு அடிக்கும்போது அடிப்பாகம் கீழே தள்ளப்படும். இந்த மேடு இல்லாவிட்டால் தோணி வாழைப்பழம் போல வளைந்து, தண்ணீரில் நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பட்டையை வெந்நீர் ஊற்றி விரித்துக் களத்தில் போடுங்கள், வெள்ளைப் புறம் மேலே பார்க்க. படங்களில் வெள்ளைத் தோணியைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் முதல் தப்பு செய்கிறார்கள். மரத்தில் வெளியே தெரிந்த வெள்ளைப் புறம் தோணிக்கு உட்புறமாகும். மரத்தை ஒட்டியிருந்த மஞ்சள் புறம்தான் தண்ணீரைத் தொடும். பட்டை தானாகச் சுருளும் திசையும் அதுவே, நாம் அதனோடு மல்லுக்கட்டவேண்டியதில்லை.

மரத்தின் நீளவாக்கு தோணியின் நீளவாக்காக வரவேண்டும். அப்போது மூச்சுத்துளைக் கோடுகள் தோணிக்குக் குறுக்கே அமையும். ஒரே பட்டை நீளம் போதாவிட்டால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தையுங்கள். மேலேறும் விளிம்பு எப்போதும் கடையாலை நோக்கிப் பார்க்கட்டும். அணியத்தை நோக்கிப் பார்த்தால் ஓடும்போது தண்ணீர் அதில் மாட்டும், கல்லும் மாட்டும்.

அதன்மேல் கட்டுச்சட்டம். தோணியின் அடிவடிவத்தில், நடுவில் 62 செ.மீ. அகலமுள்ள, இரு முனையும் கூர்ந்த ஒரு தற்காலிகச் சட்டம் இது. இதன்மேல் பலகை பரப்பிக் கல் ஏற்றுங்கள், மொத்தம் 100 கிலோவுக்குக் குறையாமல். சட்டம் நகர்ந்தால் தோணி கோணும், கோணியது பிறகு நிமிராது. இனி பட்டையின் விளிம்பிலிருந்து சட்டம்வரை இரு பக்கமும் நேருக்கு நேராகக் கீறல்கள் போடவேண்டும், பக்கத்துக்கு ஆறேழு. தட்டையான ஒன்றைக் கிண்ணம் போல மடக்கும்போது மிஞ்சும் பட்டை இந்தக் கீறல்களில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கீறல் சட்டத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நிற்கட்டும். தாண்டினால் அடியில் ஓட்டை.

வெந்நீரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே பக்கங்களை மேலே மடியுங்கள். மடித்தவற்றைப் பிடிக்க, சட்டத்தை ஒட்டி முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டு போகவேண்டும். சுமார் 50 முளை, எதிரெதிர் முளைகளை மேலே கயிற்றால் இணைத்துவிடுங்கள். முளைக்கான குழிகளை முன்பே சட்டத்தை வைத்துக் குறித்துத் தோண்டிவைத்தால், பட்டை சூடாக இருக்கும்போதே வேலை முடியும். குளிர்ந்த பட்டையை மடித்தால் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அடுத்த முறை வெந்நீருக்குச் சோம்பமாட்டார்கள்.

தையல்

குறுக்குக் கட்டைகளின் நுனியில் கழுந்து (துளைக்குள் செருகும் முனை) செதுக்கி உள்விளிம்புக் கட்டைகளில் பொருத்தி, அந்த விளிம்புச் சட்டத்தைக் கட்டுச்சட்டத்துக்கு மேலே தூண்கள் வைத்து நிறுத்துங்கள். நடுவில் தூண் 30 செ.மீ., முனை நோக்கி உயர்ந்துகொண்டு போகும். பட்டையின் மேல்விளிம்பு இப்போது உள்கட்டைக்கும் வெளிக்கட்டைக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். இரண்டு கட்டையையும் மர ஆணியால் அங்கங்கே இணைத்து, மேலே துருத்தும் பட்டையை நறுக்கி, வேரால் சுற்றிக் கட்டவேண்டும். கட்டு தொடர்ச்சியாக வேண்டாம். ஒரு கட்டுக்கொத்து, ஒரு வங்கின் அகலத்துக்கு இடைவெளி, மறுபடி கட்டுக்கொத்து. அந்த இடைவெளியில்தான் வங்கின் நுனி உள்கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே போய் உட்காரும். ஆகவே உள்கட்டையின் கீழ் வெளிமூலையை முன்பே சாய்வாகச் சீவிவிடுங்கள்.

கீறல்களைத் தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீறல் தோணிக்குக் குறுக்கே போகிறது, மூச்சுத்துளைக் கோடும் குறுக்கேதான் போகிறது. தையல்துளைகளை ஒரே நேர்கோட்டில் குத்தினால், தபால்தலைத் தாளின் ஓட்டைவரிசை போல, பட்டை அந்தக் கோட்டில் சுத்தமாகக் கிழிந்துவிடும். துளைகளை ஏற்ற இறக்கமாக, ஒன்று விளிம்பிலிருந்து 1 செ.மீ., அடுத்தது ஒன்றரை செ.மீ. என்று தள்ளித் தள்ளிக் குத்துங்கள். விளிம்புக் கட்டை ஓரத்தில் துளைவரிசை கோடுகளுக்குச் செங்குத்தாக வருவதால் அங்கே இந்தப் பயம் குறைவு.

வேரின் பிளந்த தட்டைப் புறம் பட்டையில் படியட்டும், உருண்டைப் புறம் வெளியே. காய்ந்த வேர் நிமிராது, அதனால் முடிச்சு தேவையில்லை. நுனியைத் தையலுக்கடியில் செருகிவிட்டால் போதும். ஈரமாக இருக்கும்போது எவ்வளவு இழுக்கமுடியுமோ அவ்வளவு இழுங்கள்.

முனைகளுக்கான வளைமுனைக் கட்டையை முழுத் தடிப்பில் வளைக்கப் பார்த்தால் ஒடியும். ஒரு முனையை மட்டும் விட்டுவிட்டு மீதியை நீளவாக்கில் ஆறேழு மெல்லிய ஏடாகப் பிளந்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, நாரால் இறுக்கச் சுற்றிக் காயவிடுங்கள். இரு பக்கப் பட்டைக்கும் நடுவே இதை நிறுத்தி, மூன்றையும் சேர்த்துத் தைக்கவேண்டும்.

பிசின் பதம்

ஸ்ப்ரூஸ் மரத்தில் காயம் பட்ட இடத்தில் கசிந்து உறைந்த பிசினைச் சுரண்டி, ஒரு துணிப்பையில் கட்டி, கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியில் போட்டு அமுக்குங்கள். பிசின் உருகி மேலே மிதக்கும், பட்டைச் சிம்பும் ஊசியிலையும் பைக்குள் நின்றுவிடும். மிதப்பதை வழித்தெடுத்துத் தனிச் சட்டியில் தணலில் காய்ச்சுங்கள். நேர்ச்சுடர் படக்கூடாது, குபீரென்று பற்றிக்கொள்ளும், மூடி ஒன்றைக் கையருகே வையுங்கள்.

வெறும் பிசின் குளிரில் கண்ணாடிபோல் வெடிக்கும். அதனால் விலங்குக் கொழுப்பு சேர்க்கிறோம். பத்துப் பங்குக்கு ஒரு பங்கில் தொடங்கி, சோதித்துச் சோதித்துக் கூட்டுங்கள். சோதனை எளிது. பட்டைத்துண்டை அதில் தோய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, வெளியே எடுத்து மடக்குங்கள். பிசின் விரிந்து உடைந்தால் கொழுப்பு போதவில்லை. மடங்கியது, ஆனால் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் கொழுப்பு மிஞ்சிவிட்டது, பிசின் சேருங்கள். பதம் வந்தபின் இடித்துச் சலித்த கரித்தூளைப் போடுங்கள். வெயிலில் இளகி ஓடாமல் உடம்பு கொடுப்பது அதுதான். கடுங்கோடைக்கு ஒரு பதம், இலையுதிர்காலக் குளிருக்கு ஒரு பதம், இரண்டும் ஒன்றல்ல. இன்று சிலர் கூரைக்குப் பூசும் தாரைத் தடவுகிறார்கள். தண்ணீர் நிற்கும்தான், ஆனால் அதன்மேல் பிறகு பிசின் ஒட்டாது, பழுதுபார்க்க வழியில்லாமல் போகும்.

கற்களை இறக்கி, முளைகளைப் பிடுங்கி, தோணியைக் களத்திலிருந்து எடுங்கள். உட்புறத் தையல்களுக்கு இப்போதே பிசின் பூசுங்கள், மெல்லிய துணிப்பட்டை வைத்து அதன்மேல் பூசினால் இன்னும் நல்லது. வங்கு போனபின் உள்ளே கை நுழையாது. வெளிப்புறத்தைக் கடைசியாக, எல்லாம் முடிந்து பட்டை முழு இறுக்கம் அடைந்த பிறகே பூசவேண்டும். முன்னே பூசினால், வங்கு அடிக்கும்போது தையல் நகர்ந்து பூச்சு வெடிக்கும். பூசியதைத் தண்ணீரில் நனைத்த கட்டைவிரலால் நீவி, ஓரம் மெலிய விடுங்கள்.

வங்கு ஏற்றுதல்

இதுவரை கையில் இருப்பது ஒரு தொளதொளத்த பை. அதைத் தோணியாக்குவது இந்தக் கட்டம்தான், உடைப்பதும் இதுதான்.

வங்குகளை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கொதிநீர் ஊற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்து முழங்காலில் வைத்து வளையுங்கள். இரண்டாகச் சேர்ப்பது ஒன்றுக்கொன்று தாங்கலுக்காக. அகலப்பக்கத்தில் ஆண்டு வளையம் படிவாக வரும்படி பிளந்திருந்தால் ஒடியாது. வளைத்தவற்றைத் தோணிக்குள்ளேயே தளர்வாக வைத்து, நடுவில் ஒரு நீளக் கழியால் அமுக்கி, வடிவம் பிடிக்க ஓரிரு நாள் காயவிடுங்கள்.

பிறகு எடுத்துவிட்டு, அடித்தளத்தில் பத்தைகளைப் பரப்புங்கள். முதலில் இரு முனையும், அவற்றின்மேல் ஏறினாற்போல் நடுவும். பட்டைக்கும் வங்குக்கும் நடுவே பாரத்தைப் பகிர்வது இவைதான். இவை இல்லாமல் ஒரு கல் தட்டினால் வங்கின் ஓரமே பட்டையை அறுத்துவிடும்.

வங்கு ஒவ்வொன்றையும் தன் இடத்துக்குத் தேவையானதைவிட ஒரு விரலகலம் நீளமாக வெட்டுங்கள். நுனிகளை விளிம்புக்கடியில் செருகும்போது, நீளம் மிஞ்சியிருப்பதால் அது நிமிர்ந்து நிற்காது. அடிப்பாகம் தோணியின் நடுவை நோக்கிச் சாய்ந்து நிற்கும். அந்த அடியை, ஒரு கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் முனை நோக்கித் தட்டித் தட்டி நிமிர்த்துகிறோம். முனை நோக்கிப் போகப் போகத் தோணி குறுகுவதால் வங்கு இறுகிக்கொண்டே வரும், பட்டை விறைத்துக்கொண்டே வரும். இரு முனையிலிருந்தும் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். கடைசி வங்கு நடுக் குறுக்குக் கட்டைக்கடியில்.

ஒரே தட்டில் இறுக்காதீர்கள். முதல் சுற்றில் எல்லா வங்கையும் பாதி நிமிர்த்துங்கள். பட்டைக்கு வெளியே வெந்நீர் ஊற்றி, அது இளக நேரம் கொடுத்து, அடுத்த சுற்று. அவசியமானால் இரவு விட்டுவிட்டு மறுநாள் மூன்றாவது. தட்டும்போது ஒரு கையைப் பட்டையின் வெளிப்புறத்தில் வைத்திருங்கள். கோடுபோல் ஒரு மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் அங்கே கிழியப்போகிறது. அந்த வங்கை உருவி நுனியில் ஓர் அரை செ.மீ. சீவிவிட்டு மறுபடி போடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் எளிதாக நிமிர்ந்துவிட்டால் அந்த வங்கு குட்டை. அதை இன்னும் முனைப்பக்கமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்று செதுக்குங்கள். பத்து உபரி வங்கு கேட்டது இதற்குத்தான்.

ஏற்றுவதும் இறக்குவதும்

தோணியைத் தரையில் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது, சரக்கும் ஏற்றக்கூடாது. அது மிதக்கும்போதுதான் ஏற்றவேண்டும். வணிகத் தோணிக்காரர்கள் கரையில் மோதவிடமாட்டார்கள். முட்டளவுத் தண்ணீரில் முதலில் ஆள் இறங்கி, சரக்கைத் தோளில் இறக்கி, வெறுந்தோணியைத் தூக்கிக் கரையேற்றுவார்கள். அடியில் நீளவாக்கில் நாலு கழிகளைப் போட்டு அதன்மேல் மூட்டை அடுக்குவது வழக்கம். 90 பவுண்டு, அதாவது 41 கிலோ மூட்டை ஒன்று ஒரே வங்கின் மேல் உட்கார்ந்தால் அந்த வங்கு போய்விடும். உரோமத் தோலை அந்த எடைக்கே கட்டியதற்குக் காரணம் மனிதனின் நெற்றி: நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டு, பாய்ச்சலைச் சுற்றிய காட்டுவழியில் ஓர் ஆள் இரண்டு மூட்டை சுமக்கவேண்டும். நம் 16 அடித் தோணியில் இரண்டு ஆளோடு நாலைந்து மூட்டைக்கு மேல் ஏற்றவேண்டாம்.

புறப்படும்போது உருட்டிய பட்டைத்துண்டு ஒன்று, ஒரு சுருள் வேர், ஒரு கட்டிப் பிசின், குத்தூசி ஆகியவை தோணியிலேயே இருக்கவேண்டும். ஒவ்வொரு மாலையும் தோணியைக் கவிழ்த்துப்போட்டுத் தையல்வரிசையைப் பாருங்கள். பிசின் விரிந்த இடத்தைக் கொள்ளிக்கட்டையின் அனலில் காட்டி இளக்கி, நனைத்த விரலால் மூடினால் போதும். கிழிசல் என்றால், சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக ஒரு துண்டு வெட்டி, முதலில் பட்டையை நன்றாகக் காயவைத்து, பிசின் தடவி ஒட்டி, ஓரத்தை மறுபடி பிசினால் மூடுங்கள். ஈரப்பட்டையில் பிசின் ஒட்டவே ஒட்டாது. அவசரத்தில் ஒட்டிய துண்டு அடுத்த பாய்ச்சலில் மிதந்துபோகும்.

குளிர்காலத்தில் தோணியைக் கவிழ்த்து, விளிம்பு இரண்டு கட்டைகளின் மேல் உட்காரும்படி, கூரையுள்ள திறந்த கொட்டகையில் வையுங்கள். கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் சீடர் காய்ந்து சுருங்கி, வங்குகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து ஆடத் தொடங்கும். அப்படித் தளர்ந்துவிட்டால் வசந்தத்தில் முதல் வேலையாகத் தோணியின் உள்ளே ஈரப்பாசியைப் பரப்பி ஒரு நாள் முழுவதும் ஊறவிட்டு, பிறகு கொட்டாப்புளியை எடுத்து நடுவிலிருந்து முனை நோக்கி ஒரு சுற்றுத் தட்டிக்கொள்ளுங்கள்.